ஸ்வீப்பாகப் போனதில் சந்தித்தவர்கள்

கிளப் ரைடு கிளம்பும் முன் "இன்னைக்கு ஸ்வீப் யார்?" என்று லீடர் கேட்டதும், எல்லோருக்கும் திடீரென்று டயரில் காற்று பார்க்கும் வேலை வந்துவிடும். கூட்டத்தின் கடைசி ஆளாக வர வேண்டும், யாரையும் முந்தக் கூடாது, யாருக்கு என்ன ஆனாலும் கூடவே நிற்க வேண்டும், வீடு திரும்பிய பின் ரைடைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் பெருமையாகக் காட்ட ஒன்றும் இருக்காது. இதற்கு யார் ஆசைப்படுவார்கள்? எனக்கு அது பழகி, பிறகு பிடித்தும் போய்விட்டது. கிளப்பில் இன்று எனக்கு நெருக்கமாக இருப்பவர்கள் எல்லோரும் பின்னால் வந்தபோது பழக்கமானவர்கள்தான். முன்னால் பறக்கிறவர்களில் பலரை எனக்கு ஜெர்சி நிறத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும்.

பஞ்சரில் இருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு ரைடுக்கு மடக்கு சைக்கிளில் ஒருவர் வந்திருந்தார். சின்னச் சக்கரம், 16 அங்குலம். பாதி வழியில் பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. ஏறக்குறைய எல்லோரிடமும் மாற்று டியூப் இருந்தது, ஆனால் எல்லாம் 700சி என்கிற பெரிய சக்கர அளவு. பம்புகளும் இருந்தன. பாதிக்கு மேல் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு மட்டும் பொருந்துகிறவை. அவருடைய டியூபில் இருந்ததோ கார் டயரில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடர் வால்வு. அத்தனை சாமான்களை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் கிளப்பில் வயதில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் சீட்டுக்குக் கீழே எப்போதும் ஒரு பழைய துணிப்பை தொங்கும். அதிலிருந்து பேட்ச், உப்புத்தாள், சொல்யூஷன், இரண்டு வால்வுக்கும் பொருந்தும் ஒரு பம்ப் எல்லாம் வந்தன. ஆனால் அவர் முதலில் டியூபைத் தொடவே இல்லை. கைக்குட்டையைச் சுருட்டி டயரின் உள்பக்கமாகத் தேய்த்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் துணி மாட்டியது. முடியளவு மெல்லிய எஃகு இழை. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது சாலையில் விழுந்து கிடக்குமே, அதுதான். "குத்தினது உள்ளேயே இருந்தா, நீங்க ஓட்டையை அடைச்சு என்ன பிரயோஜனம்?" என்றார். விரலால் தடவிப் பார்த்திருந்தால் விரல்தான் கிழிந்திருக்கும்.

சொல்யூஷன் தடவியதுமே பேட்சை வைத்து அழுத்தத் துடித்தான் ஓர் இளைஞன். "தம்பி, பொறு. அது காயணும். ஈரத்துல ஒட்டினா பிடிக்காது." அந்தக் காயும் நேரத்தில்தான் மடக்கு சைக்கிள்காரர் பேச ஆரம்பித்தார். இரவு வேலை பார்க்கிறவர். விடியற்காலையில் ஆளில்லாத சாலையில் வீடு திரும்புவதுதான் அவருடைய சைக்கிள் பயணம் முழுவதும். பக்கத்தில் இன்னொருவர் பேசிக்கொண்டே ஓட்டி வந்தது அன்றைக்குத்தான் முதல் முறையாம். லீடர் ஒருமுறை மணி பார்த்தார். யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

புதிதாக வருகிறவர்கள் பலரும் ஒரே வசனத்தோடு வருவார்கள்: "எனக்காக நிக்காதீங்க, நீங்க போங்க." யாரையும் விட்டுவிட்டுப் போகாத ரைடு என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கும், இருந்தாலும் நம்ப மாட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பல குழுக்களில் நடப்பது என்னவென்றால், வேகமாகப் போனவர்கள் மேட்டின் உச்சியில் காத்திருப்பார்கள். கடைசி ஆள் நாக்குத் தள்ள வந்து சேர்ந்ததும், "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்பார்கள். அதாவது ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு முழு ஓய்வு, தேவைப்பட்டவருக்கு ஒரு வாய் தண்ணீர். இதைவிட அவரை விட்டுவிட்டே போய்விடலாம். எங்கள் கிளப்பில் இதற்காக ஒரு பெரிய சண்டையே நடந்து, இப்போது நிறுத்தத்தின் நேரம் ஸ்வீப் வந்து சைக்கிளை விட்டு இறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அப்படிக் கடைசியில் வந்தவர்களில் ஓர் அக்கா மறக்க முடியாதவர். மகளுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சீட் மிகத் தாழ்வாக இருந்ததால் முழங்கால் நெஞ்சுவரை ஏறி இறங்கியது. நான் பக்கத்தில் வந்து வேண்டுமென்றே நீளமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளாகக் கேட்டேன். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் அந்த வேகம் அவருக்குச் சரி. "ம்", "ஆமா" என்று மட்டும் வந்தால் மூச்சு போதவில்லை, முன்னால் இருக்கிறவர்களுக்குச் சொல்லி வேகத்தைக் குறைக்க வேண்டும். இதயத்துடிப்பு மானி இல்லாமலே இது நன்றாக வேலை செய்யும். அவரிடமிருந்து "ம்" கூட வரவில்லை.

நிறுத்தத்தில் சீட்டை ஏற்றலாமா என்று கேட்டபோது மறுத்துவிட்டார். "கால் தரையில எட்டலேன்னா நான் விழுந்துடுவேன் தம்பி." சீட்டில் உட்கார்ந்தபடியே காலை ஊன்றி நிற்கப் பழகியவர்கள் எல்லோருக்கும் இருக்கும் பயம் இது. நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும் என்பதை அங்கேயே நிழலில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினார். அப்புறம் குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீளும் அளவுக்குச் சீட்டை ஏற்றினோம். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அவ்வளவுதான் கணக்கு. திரும்பும் வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். எனக்குத்தான் இடையில் புகுந்து பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை.

முன்வரிசைக்காரர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கிளப்பில் இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள். ஜோடியாக முன்னால் போனார்கள் என்றால் ஒருவர் சக்கரம் மற்றவர் சக்கரத்தைவிட அரைச் சக்கரம் முன்னால் இருக்கும். இவர் ஈடுகட்ட ஒரு மிதி கூட மிதிப்பார், அவர் இன்னொரு மிதி. இருவருமே வாயைத் திறந்து "போட்டி" என்று சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஜாலி ரைடு பந்தயமாகிவிடும், பின்னால் கூட்டம் மணிமாலை அறுந்த மாதிரி சிதறிவிடும். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும் என்பதால், முன்னால் போகிறவர் "கொஞ்சம்தானே கூட்டினேன்" என்பது தனியாக விடப்பட்டவருக்குக் கொஞ்சமாக இருக்காது. ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டி வந்தால் சமதளத்தில் கணிசமான உழைப்பு மிச்சம். ஆனால் ஒட்டி வரப் பழகாதவர்களை அப்படி இழுத்துப் போவதும் ஆபத்துதான். பின்னால் வருகிறவரின் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் உரசினால், பெரும்பாலும் விழுவது பின்னால் வருகிறவர்.

லீடர் அந்த இருவரையும் பிரித்து, ஆளுக்கொரு புதியவரைப் பக்கத்தில் கொடுத்தார். புதியவர் மூச்சு வாங்காமல் பேச வேண்டும், அதுதான் உங்கள் வேகம் என்று உத்தரவு. ஒருவர் மிக நல்ல ஆசிரியராக மாறிவிட்டார். மற்றவர் ஓரிரு வாரங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டு, பந்தயப் பயிற்சிக் குழு ஒன்றில் சேர்ந்துகொண்டார். அதுவும் நல்லதுதான். எல்லோரும் எல்லா ரைடுக்கும் ஏற்றவர்கள் இல்லை.

இந்தத் தலைவலி புதிதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சைக்கிள் கிளப்புகளில் கேப்டன், துணை கேப்டன் என்றெல்லாம் பதவிகள் இருந்தன. ஏறு, இறங்கு என்று சொல்ல ஊதுகொம்புக்காரர் ஒருவரும் கூடவே வருவார். பிரான்சில் 1904இல் தொடங்கிய ஆடாக்ஸ் முறையில் சாலைக் கேப்டன் முன்னால் போக, எல்லோரும் ஒரே கூட்டமாகக் குறித்த வேகத்தில் போக வேண்டும். இன்றும் அந்தப் பாணியில் ஓட்டுகிறவர்களுக்கு அது மணிக்கு 22.5 கிலோமீட்டர். எங்கள் கிளப்புக்கு ஊதுகொம்பு வாங்கலாமா என்று கேட்டேன், செயலாளர் சிரிக்கவில்லை.

மின்சார சைக்கிள் வந்தபோது நடந்ததை இன்னும் பேசிக்கொள்கிறார்கள். ஓய்வுபெற்ற ஒரு தம்பதி. கணவர் சாதாரண ரோடு பைக்கில் வருவார், மனைவி முழங்கால் வலியால் வருவதை நிறுத்திவிட்டிருந்தார். திடீரென்று ஒரு நாள் மோட்டார் துணையுள்ள சைக்கிளில் வந்து நின்றார். "இது சைக்கிளா, ஸ்கூட்டரா?" என்று ஒருவர் முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. அவர் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். அது மிதித்தால்தான் உதவி செய்யும் வகை. மேட்டில் முணுமுணுத்தவரைத் தாண்டிப் போனபோது "வாங்க சார்" என்று மட்டும் சொன்னாராம். முன்பெல்லாம் மேட்டு உச்சியில் மனைவிக்காகக் காத்திருந்த கணவர் இப்போது கடைசியில் என்னோடு வருகிறார். அவர் நல்ல பேச்சுத்துணை. ஒரே பிரச்சினை, மனைவியின் மின்சார வண்டி பஞ்சரானால் பின்சக்கரத்தைக் கழற்றுவது லேசான வேலை இல்லை, மோட்டார் வயரும் சேர்ந்து வரும். கிளம்பும் முன்பே அந்த வண்டியின் டயரை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

ரைடு இல்லாத சந்திப்புகளும் உண்டு. செயின் சுத்தம் செய்யக் கூடுவோம், பாதிப் பேர் கையை அழுக்காக்காமல் ஆலோசனை மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். வருடக் கூட்டத்தில் கணக்கு வாசிப்பார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். அதன் பிறகு வரும் மெதுவோட்டப் போட்டிதான் பார்க்க வேண்டியது. காலை ஊன்றாமல் கடைசியாக வருபவருக்குப் பரிசு. பந்தயச் சைக்கிள்காரர்கள் முதல் சில மீட்டரிலேயே சாய்ந்துவிட, பள்ளிச் சிறுமி ஒருத்தி ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் ஒடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

கடைசியாக டேண்டம். பார்வை இல்லாத நண்பர் ஒருவர் எங்களோடு வருகிறார். பாராலிம்பிக்ஸில் பார்வைக் குறைபாடுள்ளவர்கள் ஓட்டும் அதே வகை இரட்டை சைக்கிள். முன்சீட்டில் பார்வையுள்ளவர், பின்சீட்டில் அவர். பெடல் இரண்டும் ஒரே செயினால் இணைந்திருப்பதால், முன்னால் இருப்பவர் மிதிப்பதை நிறுத்தினால் பின்னால் இருப்பவரின் காலும் நிற்கும். ஆகவே எதைச் செய்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: "கியர்", "பிரேக்", "பள்ளம்", "மிதிக்காதீங்க". சொல்லாமல் பள்ளத்தில் இறக்கினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, நட்புக்கு ஆகும். டேண்டம் இறக்கத்தில் பாய்ந்து போய்விடும், மேட்டில் நிதானமாக ஊரும். அதனால் மேடு வரும்போதெல்லாம் அவர்கள் எனக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள்.

ஒருமுறை எங்களைத் தாண்டிப் போனவர்களைக் காதால் கேட்டுக்கொண்டே வந்தவர், "உங்க முன்னாடி போறவருக்கு செயின்ல எண்ணெயே இல்ல. அதுக்கு முன்னாடி போனவருக்கு பின் பிரேக் ரிம்முல உரசுது" என்றார். நிறுத்தத்தில் பார்த்தோம். இரண்டும் சரி. பிரேக் உரசியவர் ரைடு முழுக்க "இன்னைக்கு ஏனோ காலே வரலை" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்.

வழக்கமாக முன்சீட்டில் ஓட்டுகிறவர் வெளியூர் மாறிப் போகிறார். அடுத்த ரைடுகளுக்கு ஆள் வேண்டும். வேகம் முக்கியமில்லை. முதலில் காலி மைதானத்தில் கிளம்புவதும் நிறுத்துவதும் திரும்புவதும் பழகிக்கொள்ளலாம், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைப் பின்சீட்டு நண்பரே கற்றுக்கொடுப்பார். வாயே திறக்காமல் ஓட்டுகிறவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.