மினி டிராக்டர் சைலன்சர் அடிக்கடி இத்துப் போகிறது, பானெட்டும் கொதிக்கிறது

கட்டைவரப்பு:
வணக்கம். மூன்று சிலிண்டர், 24 எச்பி மினி டிராக்டர். சைலன்சர் பானெட்டுக்குள் இன்ஜின் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. கம்பெனியோடு வந்தது போய், மாற்றிப் போட்டதும் இத்துவிட்டது. மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் பொத்துக்கொண்டு உள்ளே போகிறது. அது போக, இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டில் சேரும் பிளேஞ்ச் (போல்ட் போடும் தட்டு) ஓரம் விரிசல். வெல்டிங் வைத்தால் அதற்குப் பக்கத்திலேயே மறுபடி விடுகிறது. சைலன்சருக்கு நேர் மேலே பானெட் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறது.

கனமான தகட்டில் செய்து போடட்டுமா? ஸ்டெயின்லெஸ் போடட்டுமா? சூட்டுக்குக் கண்ணாடி நார் நாடா சுற்றலாமா? வண்டிக்குப் பெரும்பாலும் சில்லறை வேலைதான். தீவனம் இழுத்துப் போட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுவேன். ரோட்டவேட்டர் எப்போதாவது.

மஞ்சள்பம்பர்:
நாடாவே சுற்றுங்கள். என் பைக்கில் சுற்றியிருக்கிறேன், காலில் சூடே தெரிவதில்லை.

பழைய டீசல்:
பைக்குக்குச் சரி. இங்கே வேண்டாம். சாதா இரும்பில் நாடா சுற்றினால் சூடு உள்ளேயே நின்று தகடு இன்னும் சூடேறும். வண்டி கழுவும் தண்ணீரை நாடா குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே இருந்தும் துரு பிடிக்க ஆரம்பிக்கும், கண்ணுக்கும் தெரியாது.

உங்கள் வண்டிக்கு இருப்பது ஒரு நோய் இல்லை. இத்துப் போவது தண்ணீரால், விரிசல் ஆட்டத்தால். கனத் தகடு இரண்டுக்கும் மருந்து ஆகாது. எடை கூடினால் பிளேஞ்ச் இன்னும் சீக்கிரம் விடும்.

முதலில் தண்ணீர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வருகிறது. சைலன்சர் நன்றாகச் சூடாகியிருந்தால் அது அப்படியே வெளியே போய்விடும். பத்து நிமிட ஓட்டத்தில் சூடாவதே இல்லை. ஆவி உள்தகட்டில் பட்டு வேர்த்து, அடியில் தேங்குகிறது. டீசலில் இருக்கும் கந்தகம் அதில் சேர்ந்து அமிலமாகிவிடும். அதனால்தான் மேல்பக்கம் புதுசு போலவும் அடிப்பக்கம் அப்பளமாகவும் இருக்கிறது. சைலன்சரின் ஆகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். கருப்பாக ஒழுகும், ஒழுகட்டும். துளை எதிரே டீசல் குழாயோ வயரோ வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில்லறை வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே ஓட்டமாகச் செய்தால் இன்னும் நல்லது. வேலை கொடுக்காமல் சும்மா ஐடிலில் விட்டுச் சூடேற்றலாம் என்று நினைக்காதீர்கள். ஐடிலில் டீசல் இன்ஜின் புகை அவ்வளவு சூடாகாது, கரிதான் சேரும். லோடு வேண்டும்.

ஸ்டெயின்லெஸ்ஸில் 409 என்ற ரகம் போதும். வெளியே லேசாகப் பழுப்பு ஏறும், அது மேலோடு நின்றுவிடும். 304 ரகம் துருவை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் நீளும். அரை மீட்டர் குழாய் 400 டிகிரி ஏறினால் சாதா இரும்பு இரண்டரை மில்லிமீட்டர் அளவு நீளும், 304 மூன்றரையை நெருங்கும். அந்த நீளத்துக்கு இடம் விடாமல் இறுக்கிப் பூட்டியிருந்தால் வெல்டிங்தான் விட்டுக்கொடுக்கும்.

அதனால் வெல்டரிடம் போகுமுன் சைலன்சரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்க, சைலன்சர் பிராக்கெட் சேஸிஸில் பூட்டியிருந்தால், இன்ஜின் ஆடும்போதெல்லாம் பிளேஞ்சைத்தான் முறுக்கும். பிராக்கெட் இன்ஜின் பிளாக்கிலேயே இருக்க வேண்டும். வண்டி ஆறியிருக்கும்போது பிராக்கெட் போல்டை மட்டும் கழற்றுங்கள். குழாய் அசையாமல் நின்றால் சரி. துள்ளி நகர்ந்தால் அத்தனை நாளும் அதை வளைத்துப் பூட்டி ஓட்டியிருக்கிறார்கள்.

கட்டைவரப்பு:
கழற்றினேன். துள்ளித்தான் நகர்ந்தது! போல்ட் துளையில் பாதி மறைந்துவிட்டது. பிராக்கெட் பிளாக்கில்தான் இருக்கிறது, ஆனால் போன தடவை மாற்றியவர் நெம்பித்தான் மாட்டியிருக்கிறார் போல. இப்போது எதை முதலில் இறுக்குவது? பானெட் சூட்டுக்கு என்ன வழி?

பழைய டீசல்:
பிளேஞ்ச் நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். பிராக்கெட் துளையை அரத்தால் நீள்வட்டமாக்கி, போல்ட் தானாக விழும்படி செய்யுங்கள். அப்புறம் பிளேஞ்சைச் சமமாக இறுக்கி, கடைசியில் பிராக்கெட். மூட்டுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட் புதிது போடுங்கள். பிளேஞ்ச் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் தேய்த்துவிடுங்கள். ஓட்டிய பிறகு மூட்டைச் சுற்றிக் கரிக்கோடு விழுந்தால் கசிகிறது என்று அர்த்தம். பழைய விரிசலையே பற்றவைப்பதானால் இரு நுனியிலும் சின்னத் துளை போட்டுவிட்டு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நுனியிலிருந்து மறுபடி ஓடும்.

பானெட் சூட்டுக்கு முதல் சந்தேகம் ஏர் ஃபில்டர். காற்று குறைந்தாலும், டீசல் பீய்ச்சும் நாசில் ஒழுகினாலும், டீசல் பம்ப் டைமிங் (பீய்ச்சும் நேரம்) பின்தங்கினாலும் புகை கூடுதல் சூட்டோடு வரும். லோடில் கரும்புகை தள்ளுகிறதா? தள்ளினால் அதைச் சரி செய்யாமல் தகடு மறைப்பில் காசு போடாதீர்கள். ரேடியேட்டர் வலையில் தூசு அடைத்திருந்தாலும் பானெட்டுக்குள் காற்று ஓடாது.

அப்புறமும் சூடு இருந்தால் சைலன்சருக்கும் பானெட்டுக்கும் நடுவே மறைப்பாக மெல்லிய அலுமினியத் தகடு. சைலன்சரில் ஒட்டக் கூடாது. 10 மில்லிமீட்டராவது இடைவெளி, மேலும் கீழும் திறப்பு. காற்று ஓடினால்தான் அது மறைப்பு, ஒட்டியிருந்தால் இன்னொரு அடுப்பு. தொடாமல் சூடு பார்க்கும் வெப்பமானித் துப்பாக்கியால் அளப்பவர்கள் பளபளக்கும் தகட்டில் அளக்காதீர்கள், மிகக் குறைவாகக் காட்டும். கரி படிந்த இடத்தில் பிடியுங்கள்.

சோளத்தட்டை:
ஒன்று சேர்க்கிறேன். மறைப்பு போட்டால் அந்த இடைவெளியில் உமி, வைக்கோல் துணுக்கு போய் அடையும். எனக்கு ஒருமுறை அங்கிருந்துதான் புகைந்தது. வைக்கோல் வேலை முடிந்த கையோடு காற்றடித்து ஊதிவிடுங்கள், எளிதாகக் கழற்ற இரண்டே போல்டில் மாட்டுங்கள்.

கட்டைவரப்பு:
ஃபில்டரைத் தட்டினேன், ஒரு பிடி மண். புதிது வாங்குகிறேன். சைலன்சர் 409 சொல்லியாயிற்று, பெயிண்ட் அடிக்க வேண்டுமா?

பழைய டீசல்:
409க்குத் தேவையில்லை. மேனிஃபோல்டுக்கு வேண்டுமானால் 600 டிகிரி தாங்கும் சிலிகான் பெயிண்ட் அடியுங்கள். துருவை வெள்ளை இரும்பாகும்வரை தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்துவிட்டு, மெல்லிசாக இரண்டு கோட். காய்ந்ததும் முதல் நாளே ரோட்டவேட்டரில் பூட்டாதீர்கள். கொஞ்சம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி கூடுதலாக ஓட்டுங்கள். அந்தச் சூட்டில்தான் அது பிடிக்கும்.