கற்றாழை என்று நினைத்து வளர்த்த ஹவோர்த்தியா

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் காரிடார் மேற்கு பார்த்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வீடு மாறிப் போகும்போது ஒரு சின்னத் தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். கூரான இலை, அதில் வெள்ளை வரிகள். கற்றாழைக் குட்டி என்று நினைத்து, ஊரில் அம்மா வைப்பதைப் போலவே வெயிலில் வைத்தேன். இரண்டே வாரத்தில் இலை செங்கல் நிறமாகி நுனி கருகியது. தண்ணீர் போதவில்லை என்று தினமும் ஊற்றினேன். செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான்.

ஒருநாள் தொட்டதும் அடி இலை வெந்த வெண்டைக்காய் போலக் கையோடு வந்தது. வேரை இழுத்தால் தோல் உருவிக்கொண்டு நடுவில் நூல் மாதிரி மிஞ்சியது.

அன்றைக்குத்தான் செடியை உற்றுப் பார்த்தேன். கற்றாழை இலையின் ஓரத்தில் முள்ளு முள்ளாகப் பல் இருக்கும், இதில் இல்லை. வெள்ளை வரிகளும் வெறும் நிறம் இல்லை, விரலில் தட்டுப்படும் சிறு மேடுகள். இது ஹவோர்த்தியா. தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலிலும் பாறை இடுக்கிலும் வளர்வது. அதைப் போய் மாலை வெயிலில் வாட்டிவிட்டேனே என்று மனசே கேட்கவில்லை.

அழுகியதையெல்லாம் வெளிர் சதை தெரியும்வரை நறுக்கினேன். 5 நாள் ஃபேன் காற்றில் காயவைத்தேன். சிங்கப்பூர் ஈரக்காற்றில் இரண்டு நாள் போதாது. அப்புறம் பியூமிஸ் கல் (துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு கலந்து நட்டேன். ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர் இல்லை. இப்போது சமையலறைச் சன்னலோரம் இருக்கிறது. ஐந்தாவது வாரம் லேசாக அசைத்தேன், அசையவில்லை. வேர் பிடித்துவிட்டது!

•

அக்கா, என்னுடையது எச்சவேரியா. வாங்கும்போது ரோஜா மாதிரி அடுக்காக இருந்தது. செங்காங் வீட்டில் வெளிச்சம் பற்றாமல் தண்டு நீண்டு இலைகள் விலகிவிட்டன. அதன் சொந்த இடம் மெக்சிகோ மலைப்பகுதி, இரவில் குளிர வேண்டும். இங்கே நள்ளிரவிலும் 26 டிகிரி. தலையை வெட்டி நட்டேன், டிசம்பர் மழையில் அதுவும் அழுகியது. உதிர்ந்த ஓர் இலை மட்டும் வேர்விட்டு, மிளகளவு குட்டி ஒன்று வந்திருக்கிறது. எப்போது தண்ணீர் விடுவது?

•

தம்பி, நான் சாத்தே குச்சியை (இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி) மண்ணில் அடிவரை செருகிப் பார்ப்பேன். மண் ஒட்டாமல் வந்தால்தான் தண்ணீர். அடியில் தட்டு வேண்டாம், ஏடிஸ் கொசு முட்டையிடும். உங்கள் குட்டி இன்னும் தாய் இலையைத்தான் உறிஞ்சி வளர்கிறது. அந்த இலை தானாகக் காயும்வரை கிள்ளிவிடாதீர்கள்.