சிம்பிள் க்யூ போட்டும் பிங் 250ஐத் தாண்டுது (காட்பாடி விடுதி லைன்)

கேள்வி: காட்பாடி விடுதி
16 பசங்க தங்குற விடுதி. 50 எம்பிபிஎஸ் ஃபைபர், அப்லோடும் டவுன்லோடும் ஒரே வேகம். ரவுட்டர் மைக்ரோடிக் ஹெச்ஏபி ஏசி2, ரவுட்டர்ஓஎஸ் 7. ஆளுக்கு 5 எம்பி சிம்பிள் க்யூ (வேகத்துக்கு வரம்பு வைக்கிற அமைப்பு) போட்டிருக்கு. லைன் சும்மா இருந்தா கூகிளோட 8.8.8.8 சர்வருக்கு பிங் (பாக்கெட், அதாவது டேட்டா துண்டு, போய்த் திரும்புற நேரம்) 12 மில்லிசெகண்ட். ராத்திரி யாராவது போட்டோ பேக்கப் ஓடவிட்டா 250. ஆன்லைன் இன்டர்வியூல குரல் விட்டு விட்டு கேக்குது. சிலருக்கு ஸ்பீட் டெஸ்ட்ல 30 எம்பி வேற காட்டுது. லைனை 100 ஆக்கினா சரியாகுமா?

பதில்: ராணிப்பேட்டை ரவுட்டர்
லைனை மாத்தாதீங்க சார். 5 எம்பி லிமிட் போட்ட இடத்துல 30 காட்டுதுன்னா க்யூவைத் தொடாமலே டிராபிக் போகுதுன்னு அர்த்தம். ஐபி, ஃபயர்வால், ஃபில்டர் ரூல்ஸ்ல ஃபாஸ்ட்டிராக் (டிராபிக்கைக் குறுக்கு வழியில வேகமா அனுப்புறது) ரூல் இருக்கும், மைக்ரோடிக்ல அது வரும்போதே ஆன்ல இருக்கும். அந்த வழியா போற கனெக்‌ஷன் சிம்பிள் க்யூவுக்கு வராது. அதை டிசேபிள் பண்ணி ரீபூட் பண்ணுங்க. ரீபூட் முக்கியம்; இல்லன்னா ஏற்கெனவே ஓடுற கனெக்‌ஷன்கள் முடியுற வரைக்கும் பழைய வழியிலேயே போகும்.

க்யூவோட டார்கெட்ல (யாருக்கு லிமிட்டுன்னு சொல்ற கட்டம்) 192.168.88.0/24ன்னு பழைய வகை ஐபிவி4 முகவரி போட்டிருந்தா புது வகையான ஐபிவி6 டிராபிக்கும் நழுவிடும். டார்கெட்டா பிரிட்ஜ் இன்டர்ஃபேஸையே (லேனும் வைஃபையும் ஒண்ணா சேருற இடம்) குடுங்க.

பதில்: சத்துவாச்சாரி லினக்ஸ்
அது பாதி விஷயம்தான். பிங் ஏறுறதுக்குக் காரணம் வேற.

16 பேருக்கு 5 எம்பின்னா 80. லைன் 50. எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தா உங்க க்யூ எதையும் தடுக்காது. ரவுட்டர்லருந்து ஃபைபர் பெட்டி வரைக்கும் 1 ஜிபிபிஎஸ், அதனால பாக்கெட் ரவுட்டர்ல நிக்கவே நிக்காது. அதைத் தாண்டி வழி எங்க குறுகுதோ அங்கதான் குவியும். கணக்குப் போட்டுப் பாருங்க: 1500 பைட் பாக்கெட்ல 12,000 பிட். 50 எம்பிபிஎஸ்ல அது வெளியேற 0.24 மில்லிசெகண்ட். முன்னாடி 1000 பாக்கெட் காத்திருந்தா உங்க இன்டர்வியூ பாக்கெட்டுக்கு 240 மில்லிசெகண்ட் தாமதம். லைன் வேகமா இருந்தும் பேச்சு தடுமாறுறது இதனாலதான். டேட்டா அனுப்புற டிசிபி முறை, பாக்கெட் தொலையுற வரைக்கும் வேகத்தைக் கூட்டிக்கிட்டே போகும். பஃபர் (பாக்கெட் காத்திருக்கிற இடம்) பெருசா இருந்தா எதுவும் தொலையாது, வரிசைதான் நீளும். 100 ஆக்கினாலும் ஒரு பேக்கப் அதையும் நிரப்பிடும்.

அதனால வரிசையை உங்க ரவுட்டருக்குள்ள இழுத்துக்கணும். 16 க்யூவையும் எடுத்துட்டு ஒரே க்யூ: டார்கெட் பிரிட்ஜ், மேக்ஸ் லிமிட் 45M/45M. க்யூ டைப்ஸ்ல ரெண்டு கேக் (வரிசையை நீளவிடாம சமமாப் பிரிக்கிற க்யூ வகை) உருவாக்குங்க. அப்லோடுக்கு ஃப்ளோ மோட் டூயல் எஸ்ஆர்சி ஹோஸ்ட், டவுன்லோடுக்கு டூயல் டிஎஸ்டி ஹோஸ்ட். ரெண்டுலயும் நாட் (ஒரே வெளி ஐபிக்குப் பின்னாடி இருக்குற ஒவ்வொரு சாதனத்தையும் பிரிச்சறிய) ஆன். கேக்கோட பேண்ட்வித் கட்டம் 0லயே இருக்கட்டும், எல்லையை மேக்ஸ் லிமிட் பாத்துக்கும். இப்ப ஒருத்தர் மட்டும் இருந்தா அவருக்கு 45ம் கிடைக்கும், 16 பேர் இழுத்தா சமமாப் பிரியும். ஆளுக்கு 5ன்னு கட்டிப்போட்டா மத்தவங்க தூங்குற நேரத்துல மீதி 45 வீணாத்தான் போகும்.

கேள்வி: காட்பாடி விடுதி
நன்றிங்க. டவுன்லோட் ஏற்கெனவே நம்ம ரவுட்டருக்கு வந்து சேர்ந்துட்டதுதானே, அதை இங்க நிறுத்தி என்ன பயன்?

பதில்: சத்துவாச்சாரி லினக்ஸ்
சரியான கேள்வி. வந்த பாக்கெட்டைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆனா நாம தாமதப்படுத்தினாலோ ஒண்ணு ரெண்டைக் கீழே போட்டாலோ அனுப்புற சர்வர் தானா வேகத்தைக் குறைக்கும். கேக்குக்கு அடிப்படையான கோடெல் முறை இதைத்தான் செய்யுது: வரிசைத் தாமதம் 5 மில்லிசெகண்டுக்கு மேலயே 100 மில்லிசெகண்ட் நீடிச்சா பாக்கெட்டைக் கீழே போட ஆரம்பிக்கும். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012ல வெளியிட்டது. சர்வர் அடங்குறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும், அதனால டவுன்லோட்ல லைன் வேகத்துக்கும் லிமிட்டுக்கும் இடைவெளி அதிகமா விடணும். 45ல பிங் குறையலன்னா 42 வெச்சுப் பாருங்க.

பதில்: ராணிப்பேட்டை ரவுட்டர்
சோதனையை வைஃபைல பண்ணாதீங்க, அதுக்குன்னு தனியா ஒரு தாமதம் இருக்கு. லேப்டாப்பை லேன் கேபிள்ல போட்டு, பெரிய ஃபைல் ஒண்ணை அப்லோட் பண்ணிக்கிட்டே பிங் பாருங்க. 12 இருந்தது 20, 25ல நின்னா சரி. நூத்துக்கு மேல போனா மேக்ஸ் லிமிட்டை 2 எம்பி வீதம் இறக்குங்க. வின்பாக்ஸ்ல (மைக்ரோடிக்கை செட் பண்ற சாஃப்ட்வேர்) க்யூவோட பைட் கணக்கு நகரலன்னா ஃபாஸ்ட்டிராக் இன்னும் ஆன்லதான் இருக்கு.