நூலக அட்டையில் தமிழ் இதழ்கள் வாசிப்பவர்கள் உதவுங்கள்

ரொறன்ரோ நண்பர்களுக்கு வணக்கம். அப்பாவுக்கு ரொறன்ரோ பொது நூலக அட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அட்டை இலக்கமும் இரகசிய இலக்கமும் இருந்தால் பிரஸ்ரீடர் என்ற செய்தித்தாள் வாசிப்புச் செயலியில் பல நாட்டுச் செய்தித்தாள்களை அன்றன்றைக்கே இலவசமாக வாசிக்கலாம், எழுத்தையும் பெரிதாக்கலாம். கண்புரை சத்திரசிகிச்சை முடிந்த அவருக்கு இது பெரிய வரம். நூலக மின்னூல்களும் இதழ்களும் இரவல் தரும் லிப்பி செயலியில் இதழ்களுக்கு வரிசையில் காத்திருக்கவும் வேண்டாம்.

ஆனால் அவர் மனம் தேடுவது தமிழ் இதழ்களைத்தான். பிரஸ்ரீடரிலும் லிப்பியிலும் எந்தத் தமிழ் இதழ்கள் வருகின்றன? மொழிவாரியாக எங்கே தேடுவது?

அப்புறம், பிரஸ்ரீடரில் அவ்வப்போது நூலகக் கணக்கை மறுபடி இணைக்க வேண்டியிருக்கிறது. ஐபேடில் அவரே செய்துகொள்ள எளிய வழி உண்டா? யாராவது படிப்படியாகச் சொன்னால் பெரிய எழுத்தில் எழுதி அவர் மேசையில் ஒட்டிவிடுவேன்.