படகுத் தரையில் கால் புதைகிறது: மேலே இரண்டு லேயர் மேட் ஒட்டினால் போதுமா?

கரைதட்டியவன்:

எல்லோருக்கும் வணக்கம். படகு விஷயத்தில் நான் முழுக்கப் புதுசு. போன மாதம் 14 அடி ஃபைபர் படகு ஒன்று வாங்கினேன். என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள், ஆனால் விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்கியவன் நான்தான். உள்ளே ஏறி நாலு அடி நடந்துகூடப் பார்க்கவில்லை.

ஓட்டுகிற இடத்துக்கு முன்னால் தரை அமுங்குகிறது. முதலில் லேசாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை துடைத்துக்கொண்டிருந்தபோது வலது குதிகால் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. காலை உருவினால் செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுக்கக் கையை விட்டேன், கறுப்பாக, மழையில் நனைந்து மட்கிய நோட்டுப் புத்தகம் மாதிரி ஒரு பிடி வந்தது. அது ஒரு காலத்தில் ப்ளைவுட்.

இன்னொன்று. டிரெய்லரின் மூக்கை ஜாக்கி வைத்து உயர்த்தியிருந்தேன். எஞ்சின் மாட்டும் பின்பலகையின் அடியில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் துரு நிறத்தில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கீழே வாளி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் வாளியில் கால்வாசி, சொட்டு இன்னும் நிற்கவில்லை.

என் திட்டம்: ஓட்டையை மூடி, தரை முழுக்க இரண்டு லேயர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு, மேலே பெயின்ட். அதில் ஊற்றி இறுக வைக்க 5 கிலோ பாலியெஸ்டர் ரெசினும் (பிசின்) வாங்கிவிட்டேன். இரண்டு மாதத்தில் தண்ணீரில் இறக்க ஆசை. இது சரிப்படுமா? பின்பலகையை என்ன செய்வது?

பழைய ரெசின்:

ஒட்டாதீர்கள். டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

நீங்கள் மிதிக்கும் தரை ஃபைபர் இல்லை. அது ப்ளைவுட், மேலே மெல்லிய ஃபைபர் தோல் மட்டும் போர்த்தியிருக்கிறது. அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டையான ஸ்ட்ரிங்கரும், பின்பலகையும் அதே கதைதான். உள்ளே மரம், வெளியே தோல். கண்ணாடி இழை மட்காது, மரம் மட்கும். இருக்கையை மாட்ட, ஏணியை மாட்ட என்று யாரோ போட்ட ஸ்க்ரூ ஒவ்வொன்றும், சீலன்ட் வைக்காமல் இறக்கியிருந்தால், தண்ணீருக்குத் திறந்துவிட்ட கதவு. இப்போது மேலே மேட் ஒட்டினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. என் முதல் படகில் நான் செய்ததே அதுதான். தரை கல் மாதிரி ஆனது, எனக்கும் பெருமை. அடுத்த வருஷம் எஞ்சின் முடுக்கும்போதெல்லாம் பின்பலகை தலையாட்ட ஆரம்பித்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தரையை ஓர் அங்குலம் விடாமல் தட்டுங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று திருப்பிச் சொல்லும். கெட்ட இடம் ‘தொப்’. எல்லையைப் பென்சிலால் வரையுங்கள். அப்புறம் 6 மி.மீ. பிட் போட்டு ஸ்ட்ரிங்கரிலும் பின்பலகையிலும் படகின் உள்பக்கத்திலிருந்து துளையிடுங்கள். உள்பக்கம் மட்டும், மரத்தில் நின்றுவிட வேண்டும், படகின் வெளித்தோலைத் துளைத்து வெளியே வந்துவிடக் கூடாது. வருகிற சீவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்து சுருண்டு வந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கறுப்பாக, பிசுபிசுப்பாக விரலில் ஒட்டினால் போச்சு. ஈரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் வேறு ஒன்றும் வாங்காதீர்கள்.

எஞ்சின் இன்னும் மாட்டியிருந்தால் அதன் கீழ்நுனியைப் பிடித்து மேலும் கீழுமாக அழுத்திப் பார்க்கலாம். கூடவே பின்பலகையும் அசைந்தால் துளையிடும் வேலையே மிச்சம்.

ஒரு எச்சரிக்கை, இது நான் கெடுத்துக் கற்றது. இரண்டு ஸ்ட்ரிங்கரையும் ஒரே நாளில் பிடுங்காதீர்கள். அவைதான் படகு ஓட்டின் வடிவத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. நான் ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு ஒரு மாதம் டிரெய்லரிலேயே விட்டேன். ரோலர் இருந்த இடத்தில் அடிப்பாகம் உள்வாங்கி, புது ஸ்ட்ரிங்கரும் அந்தக் கோணல்மேலேயே ஒட்டி இறுகிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் படகு வேகமெடுத்தால் நேராக ஓடவே இல்லை. அடியில் பல இடங்களில் கட்டை கொடுத்துத் தாங்குங்கள். ஒன்றை எடுங்கள், அதே இடத்தில் புதுசை வையுங்கள், அது இறுகிய பிறகு அடுத்தது.

உப்புத்தாள்40:

இரண்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வருஷத்து இரண்டு மாதம்?

தரை, ஸ்ட்ரிங்கர், பின்பலகை மூன்றும் போயிருந்தால் உங்களிடம் இருப்பது வெறும் ஓடு. முடித்து விற்றால் போட்ட காசு வராது, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து மனசு கஷ்டப்பட வேண்டாம். வேலை பிடித்தால் மட்டும் செய்யுங்கள். சும்மா தண்ணீரில் போய்வர வேண்டும் என்றால் வேறு படகு பாருங்கள்.

நீர்க்கோடு:

ரெசின் பற்றி யாரும் பேசவில்லையே. பழைய ஃபைபர் மேல் புது பாலியெஸ்டர் வேதியியலாகச் சேராது, சுரண்டிய சொரசொரப்பைப் பிடித்துத் தொங்கும். எபாக்ஸி என்கிற இன்னொரு ரெசின் அதைவிட நன்றாகப் பற்றும், மரத்தையும் பிடிக்கும். பின்பலகைக்கு நான் எபாக்ஸிதான் சொல்வேன். ஆனால் இதில் புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. சாதாரண மேட்டில் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது. அதனால் மேட் இளகாமல் விறைத்துக்கொண்டு நிற்கும், மூலையில் மடியாது. எபாக்ஸிக்கு நெய்த துணியோ தைத்த துணியோ வாங்குங்கள். எபாக்ஸி மேல் ஜெல்கோட்டும் (படகின் பளபளப்பான வெளிப்பூச்சு) சரியாக இறுகாமல் போகலாம். பெயின்ட் அடித்துவிடுங்கள்.

வாங்கிய பாலியெஸ்டர் எத்தனை நாள் கடையில் இருந்ததோ, அதன் ஆயுள் சில மாதங்கள்தான். 100 கிராம் எடுத்து ஒன்றரை மில்லி கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) கலந்து இறுகுகிறதா என்று பாருங்கள். பொதுவாகக் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி வரை. சீக்கிரம் காயட்டும் என்று கூட்டி ஊற்றலாம், அது பாலியெஸ்டரில் மட்டும், அந்த எல்லைக்குள் மட்டும். எபாக்ஸியில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கூட்டினால் வேகமாகாது, கடைசிவரை கொழகொழப்பாகவே கிடக்கும். இரண்டையுமே ஆழமான டப்பாவில் நிறையக் கலக்காதீர்கள், தன் சூட்டிலேயே புகைய ஆரம்பிக்கும். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள்.

கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். கிரைண்டர் ஓட்டும்போது துணி மாஸ்க் உதவாது, தூசிக்கும் ரசாயன ஆவிக்கும் சேர்த்து ஃபில்டர் உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும். முழுக்கைச் சட்டை, கையுறை. அப்படியும் அன்று ராத்திரி கழுத்து அரிக்கும், அதற்கு மருந்து இல்லை.

கரைதட்டியவன்:

தட்டினேன், துளைத்தேன், மனசு உடைந்தேன். பின்பலகையில் போட்ட ஐந்து துளையிலும் கறுப்பு. வலது ஸ்ட்ரிங்கர் முழுக்கப் போச்சு. இடதில் மட்டும் முன்பகுதி வெளிர்ச் சீவல். பின்னால் 4 அடி ஈரம்.

நேற்று வட்ட ரம்பத்தின் ஆழத்தைத் தரையின் கனத்துக்குச் சரியாக வைத்துத் தரையை வெட்டித் திறந்தேன். அடியில் நுரை அடைத்திருக்கிறது. தலையணை அளவு துண்டு ஒன்றைப் பெயர்த்துத் தராசில் வைத்தேன்: 11 கிலோ. தெர்மோகோல் மாதிரி இருக்க வேண்டியது! நுரையைக் கையால் பிழிந்தால் தண்ணீர் வழிகிறது. பின்கோடியில், ஸ்ட்ரிங்கரில் தண்ணீர் வடிய விட்டிருந்த துளையில், தூண்டில் ஈயம் ஒன்று அளவெடுத்துச் செய்த கார்க் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. யார் கையிலிருந்து எப்போது உருண்டதோ. இத்தனை வருஷத் தண்ணீரும் அதன் பின்னால்தான் நின்றிருக்கிறது.

உப்புத்தாள் அண்ணா, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்: வேலை பிடித்திருக்கிறது. இரண்டு மாதத்தை அழித்துவிட்டேன். பின்பலகையின் வெளித்தோலை அப்படியே விட்டு, உள்ளிருந்தே மரத்தைச் சுரண்டி மாற்ற முடியுமா? நுரையைத் திரும்பப் போட வேண்டுமா, வேண்டாமா?

பழைய ரெசின்:

முடியும், அதுதான் நல்ல வழியும். உள்தோலை ஓரத்தில் நான்கு விரல் விட்டு வெட்டி எடுங்கள். அழுகலை உளியால் சுரண்டி, 40 நம்பர் உப்புத்தாளில் வெளித்தோலின் உள்முகம் சுத்தமான ஃபைபர் தெரியும்வரை தேயுங்கள். அட்டையில் அளவு வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகுதான் ப்ளைவுட்டைத் தொட வேண்டும். 18 மி.மீ. இரண்டு, நடுவில் பவுடர் போட்டுக் கெட்டியாக்கிய எபாக்ஸி. கிளாம்பை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள், பசை எல்லாம் வெளியே வந்துவிடும். ஓரத்தில் லேசாகப் பிதுங்கினால் நிறுத்துங்கள். திரும்பத் தோல் மூடும்போது விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனம் 5 மி.மீ. என்றால் சரிவு 60 மி.மீ., அதாவது 12 மடங்கு.

எஞ்சின் போல்ட் துளைதான் மறுபடி அழுகல் ஆரம்பிக்கும் இடம். தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் துளையுங்கள். அப்போது போல்ட் மரத்தையே தொடாது. சோம்பல் வரும். வரட்டும், ஆனால் செய்யுங்கள்.

நுரை வேண்டும். படகு நிரம்பினாலும் மூழ்காமல் தாங்குவது அதுதான், சில படகுகளில் தரையையும் அதுவே தாங்கும். தண்ணீர் குடிக்காத வகையாகப் பார்த்துப் போடுங்கள். அடியில் மட்டும், நடுக்கோட்டில் ஒரு பைப்பை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்துவிட்டு மேலே நுரையை ஊற்றுங்கள். தண்ணீருக்கு வழி இருக்கும்.

உப்புத்தாள்40:

சரி, பிடித்திருக்கிறது என்றால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தரையை மூடுவதற்கு முன்னால் படகின் மூக்கை உயர்த்தி, முன்பக்கம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். பின்துளையில் அதே வாளி அளவு வர வேண்டும். குறைந்தால் மூடாதீர்கள், இன்னொரு ஈயம் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது.