படித்த துறையும் பார்க்கும் வேலையும்: தரவு அலசலில் உதவி வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

25 முதல் 64 வயது வரை உள்ளவர்களின் படிப்புத் துறைக்கும் வேலைவாய்ப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். படிப்புத் துறைகளுக்கு எண் குறியீடு தரும் யுனெஸ்கோவின் 2013 வகைப்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டேன்; அதில் இலக்கம் கூடக் கூடத் துறை நுணுக்கமாகப் பிரியும். சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது. 09 என்ற பெரும்பிரிவில் மருத்துவம் (0912), செவிலியம் (0913), சமூகப்பணி (0923) எல்லாம் ஒன்றாக வந்துவிடுகின்றன. மருத்துவரையும் சமூகப்பணியாளரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது யாருடைய நிலவரம்? நான்கு இலக்கம் வரை பிரித்தாலோ, சில துறைகளில் ஆட்களே தேறவில்லை. மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் போதுமா?

அப்புறம், 'வேலையில் இருப்பவர்' யார் என்பது. கணக்கெடுப்பு வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்திருந்தாலே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி அவர் வேலையில் இருப்பவர்தான். முழுநேரப் பொறியாளரும், வாரம் இரண்டு மணி நேரம் ஓவியம் சொல்லித்தருபவரும் ஒரே கட்டத்தில்! அதனால் வேலை நேரம், சம்பளம், துறைப் பொருத்தம் (படித்த துறையிலேயே வேலையா என்பது) மூன்றையும் சேர்க்கப் பார்க்கிறேன். ஆனாலும் வரலாறு படித்து வங்கி மேலாளராக இருப்பவரைப் 'பொருந்தா வேலை' என்று குறிக்க மனம் வரவில்லை.

பெரிய தலைவலி இதுதான்: கணக்கில் கெட்டிக்காரர்கள்தான் பெரும்பாலும் பொறியியல் பக்கம் போகிறார்கள். பிறகு வரும் சம்பளம் படிப்பால் வந்ததா, ஆளால் வந்ததா? கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குச் சற்று மேலும் கீழும் இருந்தவர்களை ஒப்பிடும் முறை தெரியும். என் தரவில் மதிப்பெண்ணே இல்லை. வயது, பாலினம், பெற்றோர் கல்வி மட்டும்தான். இதை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம்?

இதுபோன்ற தரவைக் கையாண்டவர்கள் சொல்லுங்கள். ஸ்டேட்டா (புள்ளியியல் மென்பொருள்) கோடு இருந்தால் இன்னும் நல்லது.