அந்தப் புத்தகம் உங்கள் கைக்கு எப்படி வந்தது?

பெருங்குடி டெஸ்டர்:

கணினித் துறையில் இருப்பவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டால் பத்துப் பெயர் கொண்ட பட்டியல் சுலபமாகக் கிடைத்துவிடும். எனக்கு வேண்டியது அது இல்லை. இப்போது நீங்கள் படிப்பது வேலைக்காக இருக்கட்டும், மனசுக்காக இருக்கட்டும், அது எப்போது, யார் மூலமாக வந்தது என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

மருத்துவக் கருவிகளுக்கான மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு பிழையைப் பதிவு செய்தேன். திரையில் ஓர் எண்ணை அடித்துவிட்டு, உடனே பின்னால் போய்த் திருத்தினால், சில சமயம் பழைய எண்ணே உள்ளே நின்றுவிடுகிறது. நிரல் எழுதியவர் ‘என் மெஷினில் வரவில்லை’ என்று அந்தப் பதிவை மூடிவிட்டார். மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார். மாலை கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட்டில் எப்போதும் உட்காரும் மூத்த டெஸ்டர் அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். மறுநாள் அவர் ஒரு பிரிண்ட் அவுட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஓரமெல்லாம் பழுத்துப்போன தாள்கள். தெராக்-25 விபத்துகளைப் பற்றி நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993-இல் எழுதிய கட்டுரை.

தெராக்-25 கனடாவில் தயாரான கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். 1985-இலிருந்து 1987-க்குள் ஆறு நோயாளிகள் மேல் அளவுக்கு மிஞ்சிய கதிர் பாய்ந்தது. அவர்களில் சிலர் இறந்தும் போனார்கள். டெக்சாஸில் டைலர் என்ற ஊரில் 1986-இல் நடந்ததைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த இயந்திரத்தை இயக்கும் பெண் எலெக்ட்ரான் கதிருக்கான ‘இ’ அடிக்க வேண்டிய இடத்தில் பழக்க தோஷத்தில் எக்ஸ்ரேவுக்கான ‘எக்ஸ்’ அடித்துவிடுகிறார். சட்டென்று அம்புக்குறியால் மேலே போய்த் திருத்திவிடுகிறார். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் உள்ளே காந்தங்கள் தயாராக எட்டு விநாடி ஆகும், அந்த எட்டு விநாடிக்குள் செய்த திருத்தத்தை நிரல் கவனிக்கவே இல்லை. திரையில் வந்ததெல்லாம் ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற ஒரே வரி.

தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள், அவர்களால் அந்தப் பிழையை வரவழைக்க முடியவில்லை. பிறகு மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். தினமும் அந்த வேலையைச் செய்து பழகிய கையின் வேகத்துக்குத்தான் அது வரும். நிதானமாக அடிக்கும் பொறியாளருக்கு வரவே வராது.

தரமணி சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது இந்த இடத்தைப் படித்தேன். மறுநாள் திரைக்குப் பக்கத்தில் விநாடி ஓடும் கடிகாரத்தை வைத்து, என் விரல்களும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து அனுப்பினேன். இந்த முறை பிழையை மூடவில்லை, சரி செய்தார்கள்.

அந்தத் தாள்களில் ஒரு பத்திக்கு மட்டும் அக்கா பென்சிலால் கோடு போட்டிருந்தார். முந்தைய மாடலான தெராக்-20-இலும் இதே பிழை இருந்ததாம். அதில் வன்பொருள் பாதுகாப்பு தனியாக இருந்ததால் ஃபியூஸ் போனதோடு சரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புது மாடலில் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். நான் சோதிப்பது என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தப் பென்சில் கோட்டில்தான்.

பைகிராப்ட்ஸ் ரோடு:

எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நடைபாதையில் கிடைத்தது. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலைப் பழைய புத்தகக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுப் போவது கல்லூரிக் காலப் பழக்கம். போன வருடம் கைடு புத்தகக் குவியலுக்கு நடுவில் ஃபிரெட் புரூக்ஸின் ‘த மித்திக்கல் மேன்-மந்த்’ கிடந்தது. கடைக்காரர் 100 ரூபாய் சொன்னார். ‘அட்டையே இல்லையே அண்ணே’ என்றேன், 70-க்குக் கொடுத்தார்.

அப்போது எங்கள் டீமில் ஐந்து பேர். வேலை ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தது. திங்கட்கிழமை இன்னும் ஐந்து பேர் வந்து சேருகிறார்கள் என்று மேலாளர் அறிவித்திருந்தார். ஞாயிறு ராத்திரி இந்தப் புத்தகத்தை விரித்தால், தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்கிறார் மனிதர். ஐபிஎம் கணினி நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற மாபெரும் இயங்குதளத்தைக் கட்டி மேய்த்த அனுபவத்தில் 1975-இல் எழுதியது.

அதில் வரும் கணக்கு ரொம்ப எளிது. ஐந்து பேர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள 10 இணைப்புகள் போதும். பத்துப் பேரானால் 45. ஆள் இரண்டு மடங்குதான், பேச்சு நாலரை மடங்கு. அதைத் தாளில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேலாளரிடம் காட்டினேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். வருகிற ஐந்து பேரைத் திருப்பி அனுப்ப அவரால் முடியாது. அவர்களை எங்களோடு கலக்காமல், அறிக்கைகள் அச்சாகும் பகுதியைத் தனியாகப் பிரித்து மொத்தமாக அவர்களிடம் விட்டார். பேசுவதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள். வேலை அப்போதும் தாமதமாகத்தான் முடிந்தது, ஆனால் யாரும் ராத்திரி அலுவலகத்தில் தங்கவில்லை.

ஐம்பது வருடத்துக்கு முந்தைய புத்தகம். அதில் வரும் இயந்திரங்கள் ஒன்றும் இன்று இல்லை. மனிதர்கள் அப்படியே இருக்கிறோம்.

டேட்டாபேஸ் காவல்:

பெருங்குடி டெஸ்டர் சொன்ன மாதிரி விபத்து அறிக்கைகள்தான் எனக்கும் பாடம். நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுக் கோப்புகளை அழித்துவிட்டார். காப்பு நகல் (பேக்கப்) எடுக்க ஐந்து வழிகள் வைத்திருந்தார்களாம். எதுவுமே ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல் இருந்ததால் தப்பித்தார்கள். இதையெல்லாம் மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள், அந்த நேர்மைக்குத் தலை வணங்குகிறேன். படித்து முடித்ததும் எங்கள் காப்பு நகலை எடுத்து ஒரு காலி சர்வரில் ஏற்றிப் பார்த்தேன். ஏறவில்லை. அந்த வாரம் முழுக்க அதுதான் வேலை. இப்போது மாதம் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுகிறேன்.

யாழ் நிரலாளர்:

நான் உயர்தரம் வரைக்கும் தமிழ் மொழிமூலம். கம்பஸுக்கு வந்தால் விரிவுரை முழுக்க ஆங்கிலம். முதல் வருடம் கெர்னிகனும் ரிச்சியும் எழுதின சி மொழிப் புத்தகத்தை நூலகத்தில் எடுத்தேன். மெல்லிய புத்தகம்தானே என்ற துணிவு. நாலு அத்தியாயம் அகராதியோடு கடந்துவிட்டேன். ஐந்தாம் அத்தியாயத்தில், நினைவகத்தில் ஓர் இடத்தின் விலாசத்தைக் குறித்து வைக்கும் பாயின்டர் வந்தது, மூன்று நாளாக ஒரே பக்கம்.

விடுதி விறாந்தையில் நான் அதை வைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்து ஒரு சீனியர் அண்ணா பக்கத்தில் வந்து இருந்தார். பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் வரிசையாகப் பெட்டிகள் கீறினார். ஒவ்வொன்றும் ஒரு வீடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். பிறகு தாளின் மூலையைக் கிழித்து அதில் ஒரு இலக்கத்தை எழுதி என் கையில் தந்தார். ‘பாயின்டர் எண்டால் வீடு இல்லை தம்பி, வீட்டு இலக்கம் எழுதின இந்தத் துண்டு. துண்டைக் கிழிச்சால் வீடு இடியாது. ஆனால் வீட்டை இடிச்ச பிறகும் துண்டு உன்ர கையில இருக்கும். அந்த விலாசத்துக்குப் போனால்தான் பிரச்சினை.’

அந்தத் துண்டு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. இப்போது நான் வேலையில் நினைவகப் பிழைகளைத் தேடும்போதெல்லாம் தமிழில்தான் யோசிக்கிறேன்: எந்த வீடு இடிந்தது, யார் கையில் துண்டு மிச்சம்.

சந்தோசத்துக்குப் படிப்பது ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில். 2005-இல் தொடங்கினார்கள். ஈழத்துப் புத்தகங்களையும் பழைய இதழ்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து யாரும் படிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். 1981-இல் எரிந்த யாழ் நூலகத்தில் ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் போயின. அப்பா அந்தக் கதையைச் சொல்லித்தான் நான் வளர்ந்தேன். அவர் இளமையில் வாசித்த ‘மல்லிகை’ இதழ்களைத் தேடி எடுத்து டேப்லெட்டில் காட்டினேன். 1966-இல் டொமினிக் ஜீவா தொடங்கின இதழ். அப்பா வாசிக்கவில்லை, முதலில் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டே போனார். ஓர் அட்டையில் நிறுத்தி, ‘இது என்னட்ட இருந்தது’ என்றார். அடுத்த விடுமுறையில் நானும் ஸ்கேன் வேலைக்குப் போகப் போகிறேன், பேசிவிட்டேன்.

கோவை பாலிடெக்னிக்:

நான் மோட்டார் கம்பெனியில் கண்ட்ரோல் போர்டு வேலை. அதிகம் படிப்பது உதிரிபாகங்களின் விவரம் இருக்கிற டேட்டாஷீட்தானுங்க. லினக்ஸ் இயங்குதளம் கற்றுக்கொள்ள, தமிழ்க் கணினி மின்னிதழான கணியம் வெளியிட்ட ‘எளிய தமிழில்’ வரிசைப் புத்தகம் உதவியது. இலவசம், போனிலேயே படிக்கலாம். டீக்கடையில் ஒரு தம்பி புளூடூத்தில் அனுப்பினார். அவர் பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

இரவுப் பணி:

ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை சர்வர் கண்காணிப்பு. அலாரம் வந்தால் வேலை, வராவிட்டால் விழித்திருப்பதே வேலை. அம்மாவுக்கும் தூக்கம் வராது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் இருக்கும் ‘பொன்னியின் செல்வ’னை எடுத்து, போனில் தினம் ஓரிரு அத்தியாயம் அவருக்கு வாசிக்க ஆரம்பித்தேன்.

அம்மாவின் அம்மா இந்தக் கதையை வாரா வாரம் கல்கி இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி வைத்திருந்தாராம். நான் வாசிக்கும்போது அம்மா திடீரென்று, ‘இந்த இடத்தில் ஓவியர் மணியம் போட்ட படம் ஒன்று இருக்கும், படகு சாய்ந்த மாதிரி’ என்பார். என் திரையில் எழுத்து மட்டும்தான். அந்தப் படத்தை அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொள்வேன். பிறகு மேலே வாசிப்பேன்.

அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம் ஆகிறது, கண்ணாடியும் போட்டுவிட்டார். ஆனாலும் நான்தான் வாசிக்க வேண்டுமாம்.

பெருங்குடி டெஸ்டர்:

அக்கா, அம்மா இப்போது எந்தப் பாகத்தில் இருக்கிறார்?

இரவுப் பணி:

மூன்றாம் பாகம்மா, கொலைவாள். நேற்று பாதியில் அலாரம் வந்துவிட்டது. ‘ஒரு நிமிஷம்மா’ என்று சொல்லிவிட்டுப் போய், முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினேன். போனை வைக்காமலே காத்திருந்தார்.